பூஜையில் வைத்த பேனா

திருத்தணி
9 ஜூன் 2024

சுகுணாம்மா,

நம் ஊர் ஆந்திராவை விட்டு மதராஸ் பக்கம் சேர்ந்த வருஷம் அது. சித்தூர் ஜில்லா என்று எழுதியிருந்த பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதுவரை பள்ளிக்கூடத்தில் தெலுங்கு 'அ' போட்டுக்கொண்டிருந்த என்னைத் தமிழ் 'அ' போடச் சொன்னார்கள். இரண்டும் வேண்டாம் என்று நைனாவோடு சரவணப் பொய்கைக்குப் போய் மொட்டை போடும் கத்தியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை முடிந்து, மலைக்கு வந்த கூட்டமெல்லாம் ரயிலேறிப் போன பிறகுதான் என் தங்கச்சி அம்மு போனாள்.

இதை உன் மகள் எழுதவில்லை என்று கையெழுத்திலேயே தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்ரீதர் எழுதுகிறான். எடுத்த எடுப்பில் 'பொருள்' என்று போட்டுக் கோடு இழுத்துவிட்டான். "தம்பி, இது கலெக்டருக்குப் போற மனு இல்லப்பா, என் மருமவளுக்குப் போறது" என்று சொல்லி வேறு தாள் எடுக்க வைத்தேன்.

போனில் உன் குரல் எனக்கு டப்பாவுக்குள் போட்ட வண்டு மாதிரிதான் கேட்கிறது. நீ அழுகிறாயா சிரிக்கிறாயா என்றே தெரிவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதை வர்ஷினிதான் என் காதுகிட்ட வந்து சொன்னாள். "தாத்தா, நம்ம வூட்ல யாருக்காச்சும் எனக்கு மாரி வயிறு இருந்துச்சான்னு டாக்டரம்மா கேக்குறாங்களாம்." இல்லை என்று சொல்லிவிட்டேன். பதினோரு வயசுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது.

இருந்தது. அம்மு சாப்பிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். ரத்தமும் சளியுமாகப் போகும். அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் பாவாடையை இறக்கித் தைத்துக்கொள்ளும்போது இவள் மட்டும் அதே பாவாடையில் இருந்தாள். குடல் விழுந்துவிட்டது என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். கண்ணு பட்டது என்றார்கள். பள்ளிப்பட்டுக்குக் கொண்டுபோய் மந்திரித்தார்கள். ஒருத்தரும் ஒரு பேர் சொல்லவில்லை. நைனாவின் தங்கச்சி லட்சுமம்மாவும் சின்ன வயசில் இப்படியே போனாளாம். அவளை நான் பார்த்ததில்லை.

அதுவும் இதுவும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவிடம் சொல்லிவிடு. வர்ஷினியிடம் சொல்லாதே.

இதற்குக் குரோன்ஸ் என்று பேர் இருக்கிறதாமே. அதுவே எனக்குப் பாதி தைரியம். அந்தப் புது ஊசி வேண்டாம் என்று உன் அக்கா பயமுறுத்துகிறாள் என்று கேள்விப்பட்டேன். மாத்திரை கொடுத்து முகம் பூசணிக்காயாய் ஊதியதைப் பார்த்தோம். சோறே இல்லாமல் வாரக்கணக்கில் மாவு கரைத்துக் குடித்ததையும் பார்த்தோம். அடங்குகிறது, திரும்ப வருகிறது. போடச் சொல்லு. குமரவேல் இருந்திருந்தால் அவனும் இதைத்தான் சொல்லியிருப்பான். என் மகனைக் கொரோனாவுக்குக் கொடுத்தபோது செய்ய ஒன்றுமில்லை என்று கையை விரித்தார்கள். இவளுக்குச் செய்ய ஒன்று இருக்கிறது என்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயாம். வராதே. நீ அந்தப் பனியன் கம்பெனியில் இருக்கும்வரைதான் இ.எஸ்.ஐ.யில் ஊசி. குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பங்காரு

(ரேகை வைத்தால்தான் கடிதம் செல்லும் என்று ஸ்ரீதர் சொல்கிறான். வைத்திருக்கிறேன்.)


திருப்பூர்
30 ஜூன் 2024

மாமாவுக்கு, சுகுணா வணக்கத்துடன் எழுதுவது.

ஸ்ரீதர் அண்ணன் எழுதிய கடிதம் கிடைத்தது. இதை வர்ஷினிதான் உங்களுக்குப் படிப்பாள் என்பதால் அதைப் பற்றி ஒரே வார்த்தை: சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன்.

நெஞ்சு எக்ஸ்ரே, டி.பி. பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டார்கள். இந்த மருந்து உடம்பின் காவலைக் கொஞ்சம் தளர்த்திவிடுமாம், உள்ளே டி.பி. தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்துவிடும் என்று முதலிலேயே பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். காவலை எதற்குத் தளர்த்த வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வெளியில இருந்து வந்த கிருமி இல்லம்மா, அவ உடம்பு காவலே அவ குடலை எதிரின்னு நெனச்சு அடிக்குது" என்றார். கிருத்திகைக் கூட்டத்தில் வரிசையை ஒழுங்கு செய்ய நிற்பவரே சாமி கும்பிட வந்த பிள்ளையைத் தள்ளுகிற மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

முதல் இரண்டு தடவை சென்னையிலேயே போடுவார்கள், நான் லீவு போட்டு வருகிறேன். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீட்டில். பக்கத்துத் தெரு ரெபேக்காள் சிஸ்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தானே போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாமா, இது நாம் பார்த்த ஊசி மாதிரி இருக்காது. இதற்குப் பேரே பேனா. பார்க்கவும் தடிமனான பேனாதான், மை இருக்கும் இடத்தில் மருந்து. மூடியைக் கழற்றித் தொடையில் வைத்து அழுத்தினால் டிக் என்று சத்தம் வரும். ஊசி கண்ணுக்கே தெரியாது. பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். பேனாவை ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள். ஐஸ் கட்டும் இடத்தில் வைத்தால் உறைந்து வீணாகிவிடும். போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் குளிர் போய்விடும், வலிக்காது.

வர்ஷினி, இதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அம்மா வருகிறேன்.

சுகுணா


திருத்தணி
18 ஆகஸ்ட் 2024

சுகுணாம்மா,

வர்ஷினி எழுதுகிறாள். நான் 'வந்துகினு' என்றால் இவள் 'வந்துகொண்டு' என்று எழுதுகிறாள். ஏண்டி என்றால், "கடிதத்துல அப்டித்தான் எழுதணும் தாத்தா. தமிழ் மிஸ் மார்க்கு கொறைப்பாங்க" என்கிறாள். உன் அம்மா என்ன மார்க்கா போடப்போகிறாள் என்றேன். இப்போது அதையும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஊசி போட்ட கதையைச் சொல்கிறேன். ரெபேக்காள் சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேராக நம் வீட்டுக்கு வந்தார். அவர்கள் கோயில், மலைக்கோயில் இல்லை. பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டதும் உன் மகள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நானும் கூப்பிட்டேன், சிஸ்டரும் கூப்பிட்டார். கடைசியில் உள்ளிருந்தே பேரம் பேசினாள். "தாத்தா போட்டா போட்டுக்குறேன்."

"சிஸ்டர், நான் பேனாவே புடிச்சதில்ல" என்றேன்.

"இன்னா பெரியவரே, ஊருக்கே மொட்டை போட்ட கை. இது எழுதாத பேனாதான், புடிங்க."

ஊசி இல்லாத பேனா ஒன்று பழகுவதற்கென்றே கொடுத்திருக்கிறார்களே, அதைத் தலையணையில் குத்திக் குத்திப் பழக வைத்தார். தலையணை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இவளை உட்கார வைத்தோம். நான் மொட்டை போடும்போது குழந்தை கத்தினால் ஒரு வேலை செய்வேன். "கண்ணு, மலை மேல மயிலு கத்துச்சே, கேட்டியா?" என்பேன். குழந்தை மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுக்கும். அந்த ஒரு மூச்சில் பாதித் தலையை முடித்துவிடலாம். இவளிடமும் அதையே கேட்டேன்.

"பட்டப்பகல்ல எந்த மயிலு தாத்தா கத்துது" என்று சிரித்தாள். டிக் என்றது. முடிந்துவிட்டது.

சிஸ்டர் பேனாவை என் கையிலிருந்து வாங்கி அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, "அடுத்த வாட்டி நான் சும்மா ஒக்காந்து பாக்குறேன்" என்றார். அடுத்த தடவையும் நான்தான் போட்டேன். காப்பி குடித்துக்கொண்டே பார்த்தார்.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கூட இறக்காமல், "தாத்தா, பசிக்குது" என்றாள். இந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. தட்டைப் பார்த்தாலே பயப்படுகிற பிள்ளை. இரண்டு தோசை தின்றாள். ராத்திரி வயிறு வலிக்கவில்லை. வெளிக்கும் நல்லபடியாகப் போகிறது.

பங்காரு

(அம்மா, மூணு தோசை. கண்ணு பட்டுடும்னு தாத்தா குறைச்சுச் சொல்றார். வெளிக்குப் போறதை எல்லாம் எழுத மாட்டேன்னு சொன்னேன், எழுதினாத்தான் உனக்குத் தூக்கம் வரும்னு சொன்னார். - வ.)


திருப்பூர்
29 செப்டம்பர் 2024

மாமாவுக்கு சுகுணா எழுதுவது.

'பசிக்குது' என்று எழுதியிருந்த கடிதத்தைக் கம்பெனிப் பையிலேயே வைத்திருக்கிறேன். செக்கிங் மேஜையில் நின்று துணியைப் புரட்டும்போது நடுவில் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வேன். சூப்பர்வைசர் என்ன அது என்று கேட்டார். மெடிக்கல் ரிப்போர்ட் என்றேன்.

டாக்டரம்மா ஒன்று சொல்லச் சொன்னார். தேதி தவறக் கூடாது. இடையில் விட்டுப்போனால் உடம்பு இந்த மருந்தையே எதிரியாக நினைக்கப் பழகிவிடும், அப்புறம் போட்டாலும் கேட்காது. இது கேட்காவிட்டால் வேறு புது மருந்துகள் வந்திருக்கின்றனவாம், சில ஊசி, சில மாத்திரை. ஆனால் பிள்ளைகளுக்குப் பல வருஷமாகக் கொடுத்துப் பார்த்த மருந்து இதுதான், கேட்கிற மருந்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். புதுப் பெட்டியை ரெபேக்காள் சிஸ்டர் சென்னையிலிருந்து ஐஸ் பையில் கொண்டு வந்து தருவார். அதில் இரண்டு இருக்கும்.

தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டது.

இன்னொன்று. அவர் போன பிறகு நம் வீட்டில் ஆயுத பூஜையே செய்யவில்லை. இந்த வருஷம் வர்ஷினிக்காகச் செய்யுங்கள் மாமா. உங்கள் கத்தியை வையுங்கள். புத்தகம், பேனா எல்லாம் மறக்காமல் வையுங்கள். பிள்ளை நன்றாகப் படிக்கட்டும்.

சுகுணா


திருத்தணி
12 அக்டோபர் 2024

சுகுணாம்மா,

நேற்று பூஜை நன்றாக நடந்தது. பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம் எல்லாம் வைத்தேன். மணையில் மஞ்சள் துணி விரித்து, என் கத்தியைத் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்தேன். அது நைனாவின் கத்தி. வர்ஷினியின் புத்தகங்களை அடுக்கி, அவள் பேனாக்களை மேலே வைத்தேன். நீ 'பேனா எல்லாம்' என்று எழுதியிருந்தாய் அல்லவா. எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

இந்த வீட்டில் என் நைனா பேனா வைத்ததில்லை, தாத்தா வைத்ததில்லை. நானும் கத்தியை மட்டுமே வைத்து வந்தவன். இந்த வருஷம்தான் என் கையிலும் ஒரு பேனா இருக்கிறது. வர்ஷினி குளிக்கப் போயிருந்தபோது ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டையும் எடுத்துச் சந்தனம் குங்குமம் இட்டுக் கத்திக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பெரிய அகலாகப் பார்த்து விளக்கேற்றினேன். புத்தி கொடுக்கிற பேனாவும் உயிர் கொடுக்கிற பேனாவும் ஒரே இடத்தில் இருந்தன. பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

வெளியே வைக்கலாமா என்று யோசிக்காமல் இல்லை. அரை மணி நேரம் வெளியில் வைத்தால் நல்லது என்று நீதான் எழுதியிருந்தாய். ஒரு ராத்திரி வைத்தால் இன்னும் நல்லதுதானே. இன்று காலை விஜயதசமிப் பூஜை முடித்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். எட்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை போட வேண்டியது.

பங்காரு

(அம்மா, குளிச்சிட்டு வந்து பார்த்தேன். இது ஃப்ரிட்ஜ்ல இருக்கணும் தாத்தான்னு சொன்னேன். பூஜையில வச்சதை மறுநாள் பூஜை முடியாம எடுக்கக் கூடாது, சாமிகிட்டதானே இருக்குன்னு சொன்னார். நான் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வச்சேன். தப்பாம்மா? போன்ல சொல்ல பயமா இருந்துச்சு. - வ.)


திருப்பூர்
16 அக்டோபர் 2024

மாமா,

கடிதம் கிடைத்ததும் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விளக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது, எவ்வளவு சூடு ஏறியது என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் போடக் கூடாது. அடுத்த பெட்டி வர நாளாகும்.

தேதி தவறக் கூடாது என்று எழுதினேன். கேட்கிற மருந்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். தாயும் இல்லாமல் தகப்பனும் இல்லாமல் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு, இங்கே நின்றுகொண்டே தூங்குகிறேன். எதற்காக? படிக்காத மனுஷர் கையில் என் பிள்ளையின் உயிரைக் கொடுத்தது என் தப்பு. உங்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பள்ளிப்பட்டு அக்கா வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். அக்கா மகன் மருந்துக் கடையில் இருக்கிறான். வர்ஷினியின் துணிகளை எடுத்து வையுங்கள்.

சுகுணா


திருத்தணி
23 அக்டோபர் 2024

சுகுணாம்மா,

உன் கடிதத்தை வர்ஷினி படித்தாள். இவ்வளவு கோபத்திலும் நடுவில், 'மாமா, வெயிலில் அலையாதீர்கள், உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதைக் கேட்டுத்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

நான் செய்தது பெரிய தவறு. பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாது என்று நினைத்தேனே தவிர, அது மருந்து என்பது என் புத்தியில் அப்போது நிற்கவில்லை. பேனா என்றே நின்றது.

உன் கடிதம் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். மருந்து தவறியதால் வந்ததா, பயத்தில் வந்ததா, சொல்லத் தெரியவில்லை. விடிந்ததும் இரண்டு பேனாவையும் ஈரத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் சென்னைக்குப் போனேன். அரக்கோணத்தில் ஏறின கூட்டத்தில் உட்கார இடம் இல்லை. ஒரு பெண் எழுந்து இவளுக்கு இடம் கொடுத்தாள். துண்டில் என்ன தாத்தா, பூவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

டாக்டரம்மாவின் மேஜையில் துண்டைப் பிரித்து வைத்தேன். பேனாவில் சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது செத்துடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"செத்துதா உசுரோட இருக்கான்னு பாத்தா தெரியாது பெரியவரே. அதனாலதான் போட முடியாது."

"ஃப்ரிட்ஜுல வைக்கணும்னு என் மருமவ எழுதிதான் இருந்தா."

"பின்ன எதுக்கு சாமிகிட்ட வச்சீங்க?"

"பேனான்னு சொன்னாங்கம்மா."

அந்த அம்மா உள்ளே யாரையோ கூப்பிட்டு, வார்டில் இருந்ததில் ஒன்றை வரவழைத்தார். "நீங்களே போடுங்க, நான் பாக்குறேன்" என்றார். மூடியைக் கழற்றிவிட்டு, அவள் தொடையில் வைக்காமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வர்ஷினி என்னைப் பார்த்து, "தாத்தா, மயிலு கத்துச்சே, கேட்டியா?" என்றாள்.

போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போட வேண்டியது, திங்கட்கிழமை போட்டிருக்கிறோம். உடம்பில் மருந்து நிற்கிறதா, உடம்பு அதை விரட்டப் பழகிவிட்டதா என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வர நாளாகும்.

துணிகளை எடுத்து வைத்துவிட்டேன். நீ தீபாவளிக்கு வந்து உன் கையால் அழைத்துப் போ. பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட என் கால் எழவில்லை.

பங்காரு

(நான் ஒண்ணும் சேர்க்கலை அம்மா. - வ.)


திருப்பூர்
7 நவம்பர் 2024

மாமாவுக்கு சுகுணா எழுதுவது.

இந்தக் கடிதத்தை ஸ்ரீதர் அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வர்ஷினியிடம் கொடுக்க வேண்டாம்.

'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நான் எழுதவே இல்லை மாமா. அந்த இடத்தில் வேறு எழுதியிருந்தேன். மகளே, அந்த வரியை எங்கிருந்து எடுத்தாய் என்று தீபாவளி அன்று தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கேட்டேன். "நீ எழுதினத அப்டியே படிச்சா தாத்தா சோறு துன்ன மாட்டாரு" என்றாள். பதினோரு வயதில் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அவளை அழைத்துப் போகத்தான் வந்தேன். கதவோரம் இருந்த துணிப்பையைப் பார்த்தேன். தேதி வந்த அன்று, இனிமேல் நீதானே போட வேண்டும் என்று பேனாவை என் கையில் கொடுத்தீர்கள். நான் அவள் தொடையில் வைத்து, அழுத்த முடியாமல் எடுத்துவிட்டேன். மூன்று தடவை. நீங்கள் வாங்கி, மயிலைக் கேட்டு, போட்டு முடித்தீர்கள். ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு வந்தேன். பார்த்திருப்பீர்கள்.

ரயிலில் வரும்போது முழுக்க யோசித்தேன். அதற்குப் பேனா என்று உங்களிடம் சொன்னது நான். 'பேனா எல்லாம் மறக்காமல் வையுங்கள்' என்று எழுதியதும் நான். நீங்கள் நான் எழுதியதை எழுதியபடியே செய்தீர்கள்.

புதுப் பெட்டியின் மேல் என்னுடைய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன். இனிமேல் வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டச் சொல்லி வர்ஷினியிடம் ஒரு அட்டை பொட்டு கொடுத்திருக்கிறேன். பொட்டு இருந்தால் அது நான் நிற்கிற மாதிரி. ஊசி போடத் தவிர வேறு எதற்கும் என்னை வெளியே கூப்பிடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனை வந்ததும் எழுதச் சொல்லுங்கள். எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை.

சுகுணா


திருத்தணி
21 நவம்பர் 2024

சுகுணாம்மா,

முடிவு வந்துவிட்டது. நேற்றே வர்ஷினி போனில் சொல்லியிருப்பாள், இருந்தாலும் நான் சொல்ல வேண்டும் அல்லவா. மருந்து உடம்பில் நிற்கிறது. விரட்டவில்லை. இதையே தொடரலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

இதை எழுதுகிற ஸ்ரீதர்தான் உன் கடிதத்தையும் படித்தான். "அந்தப் பழைய கடிதத்தையும் எடுத்தாங்க பெரியவரே, அதுல இன்னா இருந்துச்சுன்னு படிக்குறேன்" என்றான். வேண்டாம் என்றேன். அன்றைக்கு வர்ஷினி படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அழுகையை அடக்குகிற குழந்தையின் மூச்சு எனக்குத் தெரியாதா. அங்கே என்னவோ இருக்கிறது என்று அன்றைக்கே தெரியும். என்ன என்று எனக்குத் தெரிய வேண்டாம் அம்மா. எனக்கு வந்த கடுதாசி அவள் படித்ததுதான்.

ஃப்ரிட்ஜைத் திறந்தால் உன் பொட்டு தெரிகிறது. தண்ணீர் எடுக்கும்போது கூட மெதுவாகச் சாத்துகிறேன்.

பங்காரு


திருத்தணி
3 அக்டோபர் 2025

சுகுணாம்மா,

வர்ஷினி எழுதுகிறாள். கையெழுத்து இப்போது பெரிய மனுஷிக் கையெழுத்து ஆகிவிட்டது என்கிறாள். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

இந்த வருஷமும் பூஜை செய்தேன். பயப்படாதே. ரெபேக்காள் சிஸ்டர் முதல் நாளே வந்து, "பெரியவரே, ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போடட்டா?" என்று கேட்டார். மருந்து தீர்ந்துபோன பேனா ஒன்றை எடுத்து மூடி போட்டுக் கொடுத்து, "இத வைங்க, இது கோச்சிக்காது" என்றார். அவர் ஜெபம் பண்ணுகிற அம்மா, பூஜைக்குப் பேனா எடுத்துக் கொடுக்கிறார். அதற்குச் சந்தனம் வைத்தேன். கத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். சுண்டலில் அவருக்கும் பங்கு போனது.

போன வாரம் சென்னைக்குப் போயிருந்தோம். குடலைப் பார்க்கும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறிவிட்டது. ஊசியை நிறுத்தலாமா என்று கேட்டேன், இப்போது வேண்டாம் என்றார்கள். நிறுத்தினால் திரும்ப வரலாம். சரி, போடுகிறேன், என் கைக்கு வேறு என்ன வேலை என்றேன். அங்கே புதிதாக வந்த ஒரு சின்ன டாக்டர் ஃபைலில் எழுதிக்கொண்டே, உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இந்த மாதிரி வயிறு இருந்ததா என்று கேட்டார். இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை இல்லை என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. என் தங்கச்சி அம்முவுக்கு இருந்தது என்றேன்.

ரயில் ஏறியதும் கேட்டாள், "யாரு தாத்தா அம்மு?"

சொன்னேன். ஊர் ஆந்திராவை விட்டு வந்தது, பலகை கழற்றியது, மந்திரித்தது, எல்லாம் சொன்னேன். அம்முவுக்குக் கடைசிவரை பாவாடையை இறக்கித் தைக்கவே இல்லை என்றும் சொன்னேன்.  திருவள்ளூர் தாண்டிய பிறகு, "அந்த அம்முக்கு யாருமே ஊசி போடலியா?" என்றாள்.

"ஊசியே இல்ல கண்ணு அப்போ."

"நீ இருந்தியே" என்றாள்.

 ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் மகளுக்கு யூனிஃபார்ம் பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டதைப் பார்த்தேன். ஆர்.கே.பேட்டை ரோட்டில் இருக்கிற தையல்காரனிடம் கொடுத்தேன். உள்ளே மடித்திருந்ததை முழுக்கப் பிரித்துவிட்டான். "இனிமே இறக்கத் துணி இல்ல பெரியவரே, புதுசுதான் எடுக்கணும்" என்றான். அவனை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இதை எல்லாம் எழுதி வை என்று இவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவை எந்த டாக்டர் கேட்டாலும் நான் இல்லாவிட்டாலும் பதில் இருக்க வேண்டும். இந்த வயிற்றோடு நம் வீட்டில் பிறந்தவர்கள் மூன்று பேர். லட்சுமம்மா அத்தை போய்விட்டாள். என் தங்கச்சி அம்மு போய்விட்டாள். மூன்றாவது பேரை எழுது என்கிறேன், "அது நான்தானே தாத்தா, அம்மாவுக்குத் தெரியாதா" என்று பேனாவை வைத்துவிட்டாள். தெரிந்தாலும் எழுது கண்ணு. போனவர்கள் பேரை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. இருக்கிறவள் பேரையும் எழுது.

ஸ்ரீவர்ஷினி.